தம்பு செட்டி தெரு டைப்பிங் கடை ரிவ்யூ: பிஜி சீஃப் ஜஸ்டிஸ் பத்தின தீசிஸும் ஒரு பைண்டிங்கும்

எல்எல்எம் கடைசி செமஸ்டர்ல இருக்கிறவங்க யாராச்சும் சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் தீசிஸ் அடிக்க, பைண்ட் பண்ண நல்ல கடையா தேடிட்டு இருந்தா இதை படிங்க. கொஞ்சம் நீளமாத்தான் போகும், நான் தூக்கிட்டு போன மேட்டரே அப்படி, அதை விட்டுட்டு ரேட்டு மட்டும் சொன்னா இந்த கடை ஏன் நல்ல கடைன்னே புரியாது.

கடைக்கு போர்டு கிடையாது. மண்ணடி மெட்ரோல இறங்கி தம்பு செட்டி தெருவுக்கு வந்துடுங்க, காளிகாம்பாள் கோயில்ல இருந்து கூப்பிடு தூரம்தான். வக்கீல் ஆபீஸ் போர்டுங்க மேல ஒண்ணு கீழ ஒண்ணா தொங்குற பழைய பில்டிங், மரப்படி, மேல ஏறினா இடது கை பக்கம் ரூம். கீழ யாரைக் கேட்டாலும் டைப்பிங் அண்ணன் கடையா மேல போங்கன்னு கை காட்டுவாங்க. ரிவ்யூல பேரு போடட்டுமாண்ணான்னு கேட்டேன், வேணாம்மா இருக்கிற கூட்டத்தையே தாங்க முடியலன்னுட்டாரு, அதனால பேரு போடல.

அண்ணன் ஒரு காலத்துல ஹைகோர்ட் எதிர்ல ஜாப் டைப்பிஸ்ட். அஃபிடவிட்டு, வக்காலத்து, வாடகை ஒப்பந்தம்னு அடிச்சு அடிச்சு விரலே கொஞ்சம் வளைஞ்சு போய் இருக்கும். அந்த பழைய மெஷின் இன்னும் மூலையில துணி போட்டு மூடி இருக்கு. இப்போ கம்ப்யூட்டர்ல உக்காருறது அவரோட அக்கா பொண்ணு, பிகாம் படிச்சுட்டு மாமா கூடவே இருக்குது, ஸ்பீடுன்னா ஸ்பீடு. பைண்டிங்க்கு உள் ரூம்ல ஒரு பெரியவர். அவ்ளோதான் கடை.

ரேட்டு சொல்லிடுறேன், இதான் எல்லாரும் கேப்பீங்க. கையெழுத்துல குடுத்தா பக்கத்துக்கு 30 ரூபா, நம்மளே வேர்டு ஃபைல் குடுத்து செட்டிங் மட்டும்னா 12. ஹார்டு பைண்டிங் தங்க எழுத்தோட ஒரு காப்பி 350. கம்மி ரேட்டு இல்ல, ஸ்டேஷன் பக்கம் இதைவிட சீப்பா இருக்கு, ஒத்துக்கறேன். அப்படி ஒரு சீப்பு கடையில என் ஃப்ரெண்டு குடுத்தா, ஃபுட்நோட் எல்லாம் ஒரு நம்பர் தள்ளி வந்துச்சு, கேட்டதுக்கு "யாரும்மா அதெல்லாம் பாக்கப் போறாங்க"ன்னானாம். அவ கைடு பாத்தாரு.

இப்போ என் சப்ஜெக்ட். பசிபிக் கடல்ல இருக்கிற பிஜி நாட்டோட சீஃப் ஜஸ்டிஸா இருந்த அந்தோணி கேட்ஸ், அவரோட நீதிபதி வாழ்க்கை. ஏன் பிஜின்னு வைவால (வாய்மொழித் தேர்வுல) கேட்ட மாதிரியே இந்த கடையிலயும் கேட்டாங்க. பிஜி ஒண்ணும் நமக்கு தூரத்து ஊர் இல்ல, 1903ல இருந்து கரும்பு வெட்ட ஆளுங்களை கப்பல் ஏத்தினது இதே மெட்ராஸ் துறைமுகத்துல இருந்துதான். 1879ல கல்கத்தாவுல ஆரம்பிச்சு 1916 வரைக்கும் மொத்தம் 60,000 பேருக்கு மேல போனாங்க, அதுல நாலுல ஒரு பங்கு தெற்கத்தி ஆளுங்க. நாடி ஊர்ல இன்னிக்கும் பெரிய முருகன் கோயில் நிக்குது. அண்ணன் இதைக் கேட்டதும் டைப்பிங்கை நிறுத்த சொல்லிட்டு "அப்போ நம்ம ஆளுங்க கேஸும் அந்த ஜட்ஜ் பாத்திருப்பாரே"ன்னாரு. பாத்தாரு, அதான் தீசிஸோட முதல் பாதியே.

2000 மே 19. ஜார்ஜ் ஸ்பைட்னு ஒருத்தன் ஆயுதத்தோட பார்லிமென்ட்டுக்குள்ள பூந்து, அந்த நாட்டோட முதல் இந்திய வம்சாவளி பிரதமர் மகேந்திர சௌத்ரியை 56 நாள் பிணையா பிடிச்சு வெச்சான். சௌத்ரி ஆட்சிக்கு வந்து கரெக்டா ஒரு வருஷம். ராணுவத் தளபதி பைனிமராமா நடுவுல வந்து ராணுவ ஆட்சின்னு அறிவிச்சு, 1997 அரசியல் சாசனம் ரத்துன்னு சொல்லிட்டாரு. அந்த கலவரத்துல முவானிவேனிங்கிற கிராமத்துல இந்திய குடும்பங்க வீடெல்லாம் சூறையாடினாங்க, ஜனங்க லௌடோகாவுல இருக்கிற கிர்மிட் (ஒப்பந்தக் கூலி) சென்டர்ல அகதியா தங்கினாங்க. அந்த ஊர் விவசாயி ஒருத்தர், சந்திரிகா பிரசாத், கோர்ட்டுக்கு போயிட்டாரு. அவர் கேட்டது சிம்பிள், சாசனம் இருக்கா இல்லையா, எனக்கு உரிமை இருக்கா இல்லையா, சொல்லுங்க.

அந்த நேரத்துல சீஃப் ஜஸ்டிஸா இருந்தவர் சர் திமோதி துய்வாங்கா. ராணுவ அரசுக்கு ஆணை எழுதிக் குடுக்க அவரே உதவி பண்ணாருன்னு வக்கீல் சங்கமே கண்டிச்சு லெட்டர் போட்ட காலம் அது. அப்படி ஒரு சூழ்நிலைல லௌடோகா ஹைகோர்ட்ல கேட்ஸ் 2000 நவம்பர் 15 அன்னிக்கு தீர்ப்பு சொன்னாரு. சாசனம் உயிரோடதான் இருக்கு, பார்லிமென்ட் கலையல, துப்பாக்கி காட்டினதால சட்டம் செத்துப் போயிடாதுன்னு அர்த்தம் வர்ற தீர்ப்பு. 2001 மார்ச் 1 அன்னிக்கு அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. ஆட்சியை பிடிச்சவங்க ஒரு நாட்டை தன் கைக்குள்ள கொண்டு வந்துட்டாங்களா, ஜனங்க அதை மனசார ஏத்துக்கிட்டாங்களான்னு சாட்சியம் வெச்சு பாத்துட்டு, இல்லன்னு சொன்னாங்க. பாகிஸ்தான்ல 1958ல டோசோ கேஸ்ல, ஜெயிச்ச புரட்சியே சட்டம்னு சொன்னாங்கல்ல, அதுக்கு நேர் எதிர் திசை. இதுல பெரிய ஆச்சரியம், ராணுவம் உக்கார வெச்ச இடைக்கால அரசு அந்த அப்பீல் தீர்ப்பை தூக்கிப் போடல, தேர்தல் வெச்சாங்க. சௌத்ரி திரும்ப பிரதமர் ஆகல, அது வேற கதை, 2001 தேர்தல்ல இடைக்கால அரசோட பிரதமர் கராசேதான் ஜெயிச்சாரு. ஆனாலும் உலகம் பூரா அரசியல் சட்டம் எடுக்கிற வாத்தியாருங்க இந்த கேஸை பாடத்துல சேத்துக்கிட்டாங்க.

இது வரைக்கும் அடிச்சு முடிச்சப்போ ஆபரேட்டர் பொண்ணு "அக்கா, இவரு செம்ம ஆளுக்கா"ன்னு சொல்லுச்சு. நான் ஒண்ணும் சொல்லல, அடுத்த சாப்டர் குடுத்தேன்.

அடுத்த சாப்டர்ல 2006 டிசம்பர் 5. அதே பைனிமராமா, இந்த தடவை ஆட்சியை பிடிச்சதே அவர்தான். 2007 ஜனவரில சீஃப் ஜஸ்டிஸ் டேனியல் ஃபாட்டியாக்கியை ஒதுக்கி வெச்சாங்க, அந்த நாற்காலில ஆக்டிங் சீஃப் ஜஸ்டிஸா வந்து உக்காந்தவர் கேட்ஸ். அந்த நியமனம் செல்லுமா செல்லாதான்னு வக்கீல்ங்க ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டாங்க. பதவி போன பிரதமர் கராசே கோர்ட்டுக்கு வந்தாரு. 2008 அக்டோபர் 9 அன்னிக்கு கேட்ஸ், பைர்ன், பதிக்னு மூணு பேர் பெஞ்ச் சொன்ன தீர்ப்பு, நெருக்கடி நேரத்துல ஜனாதிபதிக்கு சாசனத்துல எழுதாத மிச்ச அதிகாரம் உண்டு, அதனால இடைக்கால அரசை நியமிச்சது செல்லும்னு.

டைப்பிங் சத்தம் நின்னு போச்சு. "அக்கா, இது அதே ஜட்ஜா, வேற கேட்ஸா?"

அதே கேட்ஸ்தான்மா.

இங்கதான் இந்த கடைக்கும் மத்த கடைக்கும் வித்தியாசம். அடிக்கிறதை படிக்கிறாங்க. படிச்சுட்டு கேள்வி கேக்கிறாங்க. அண்ணன் சேரை என் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டு, இந்த ரெண்டு தீர்ப்பும் உன் தீசிஸ்ல நாப்பது பக்கம் தள்ளி தள்ளி இருக்கு, படிக்கிறவன் முதல் தீர்ப்பை மறந்துட்டு ரெண்டாவதுக்கு வருவான், பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு டேபிள் போடுன்னாரு. என் கைடு ஒரு வருஷமா சொல்லாத விஷயம் இது. டேபிளை ரெண்டா பிரிச்சு, இடது பக்கம் 2000, வலது பக்கம் 2008. யார் கேஸ் போட்டாங்க, அரசு தரப்பு என்ன சொல்லுச்சு, ஜனங்க ஏத்துக்கிட்டதுக்கு சாட்சியம் தேவைன்னு கோர்ட் நினைச்சுதா, சாசனத்துல இல்லாத அதிகாரத்தை கோர்ட் எப்படி பாத்துச்சு, மேல போனப்போ என்ன ஆச்சுன்னு வரிசையா. அந்த டேபிள் நிமிர்ந்த பக்கத்துல அடங்கல, பக்கத்தை படுக்க வைக்கணும். படுக்க வெச்சா பக்க நம்பர் சைடுல போயிடும், மேல இருக்கிற சாப்டர் தலைப்பு திரும்பிக்கும். நிறைய கடையில அந்த ஒரு பக்கத்தை தனியா அடிச்சு நடுவுல சொருகிடுவாங்க, நம்பர் பேனால எழுதுவாங்க. இந்த பொண்ணு முன்னாடி பின்னாடி செக்ஷன் பிரேக் போட்டு, நம்பரை ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்ல வெச்சு திருப்பி, பைண்ட் பண்ணி புரட்டினா மத்த பக்கத்துல எங்க நம்பர் வருதோ அதே இடத்துல வர்ற மாதிரி பண்ணுச்சு. வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் புரட்டிட்டு நின்ன பக்கம் அதுதான்.

டேபிளோட கடைசி வரிசை எழுதறப்போதான் பேச்சு சூடாச்சு. 2008 தீர்ப்பு மேல அப்பீல் போச்சு. 2009 ஏப்ரல் 9 அன்னிக்கு பவல், லாய்டு, டக்ளஸ்னு ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மூணு நீதிபதிங்க, ஜனாதிபதிக்கு அப்படி ஒரு அதிகாரமே கிடையாது, பைனிமராமா அரசு சட்டப்படி இல்ல, ரெண்டு தரப்பும் சேராத ஒருத்தரை காபந்து பிரதமரா போட்டு தேர்தலுக்கு போங்கன்னுட்டாங்க. மறுநாள் ஏப்ரல் 10, புனித வெள்ளி. ஜனாதிபதி இலோய்லோ ரேடியோல வந்து சாசனம் ரத்து, எல்லா நீதிபதிங்க பதவியும் ரத்துன்னு சொல்லிட்டாரு. ஒரே நாள் கேப்பு. பைனிமராமா சனிக்கிழமையே திரும்ப பிரதமர். ஈஸ்டர் லீவு முடிஞ்சு கோர்ட்டுக்கு போன வக்கீல்களை போலீஸ் வாசல்லயே நிறுத்துச்சு, வக்கீல் சங்கத் தலைவர் தொரசாமி நாயுடுவை லௌடோகாவுல பிடிச்சுட்டு போனாங்க. பேரைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உக்காந்தாரு. பைண்டிங் பெரியவர் கூட உள்ள இருந்து எட்டிப் பாத்தாரு.

மே மாசம் கேட்ஸை திரும்ப சீஃப் ஜஸ்டிஸா நியமிச்சாங்க, இந்த தடவை சாசனம் இல்லாத நாட்டுக்கு, வெறும் ஆணையை வெச்சு. சாசனத்தை ரத்து பண்ணது செல்லுமான்னு எந்த கோர்ட்டும் விசாரிக்கக் கூடாதுன்னும் ஆணை வந்துச்சு, வக்கீல் லைசன்ஸ் குடுக்கிற வேலையும் சங்கத்து கையில இருந்து கோர்ட் ரெஜிஸ்ட்ரார் கைக்கு போச்சு. காலியான பெஞ்சை நிரப்ப இலங்கைல இருந்து நிறைய நீதிபதிங்க வந்தாங்க. 2013ல புது சாசனம், 2014ல தேர்தல். கேட்ஸ் 2019 வரைக்கும் அந்த நாற்காலில இருந்தாரு.

ஆபரேட்டர் பொண்ணுக்கு செம்ம கோவம். ஆரம்பத்துல அவ்ளோ நல்ல தீர்ப்பு குடுத்துட்டு இப்படி பண்ணிட்டாரேன்னு. அண்ணன் கோவப்படல. அவர் கேட்டது என்னன்னா, எமர்ஜென்சில ஜபல்பூர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பகவதி என்னம்மா பண்ணாரு? 1976ல உயிருக்கே உரிமை கேட்டு கோர்ட் வர முடியாதுன்னு மத்த மூணு ஜட்ஜோட சேந்து கையெழுத்து போட்டாரு. தனியா நின்னவர் கன்னா மட்டும்தான், அவரோட சீனியாரிட்டியை தாண்டி வேற ஒருத்தரை சீஃப் ஜஸ்டிஸ் ஆக்கிட்டாங்க. அப்புறம் இதே பகவதிதான் போஸ்ட் கார்டு போட்டாலும் கேஸா எடுத்துக்கிட்டாரு, பொதுநல வழக்குன்னாலே அவர் பேருதான் முதல்ல வருது, 2011ல அந்த ஜபல்பூர் தீர்ப்பு தப்புன்னு மன்னிப்பும் கேட்டாரு. நம்ம ஆளுக்கு கெட்டது முன்னாடி நல்லது பின்னாடி, அதனால மன்னிச்சுட்டோம். உன் பிஜிக்காரருக்கு வரிசை மாறிப் போச்சு, அதனால திட்டுறோம். அதே வரிசை பகவதிக்கு இருந்திருந்தா?

எனக்கு வாயே அடைச்சு போச்சு. வருஷக்கணக்கா வக்கீல் சொல்ல சொல்ல அடிச்ச கை, சும்மா இல்ல.

ஆனா முழுசா ஒத்துக்கல நான், அங்கயே சண்டை போட்டேன். பகவதி பதவில இருந்தப்போ சாசனம்னு ஒண்ணு மேல இருந்துச்சு, 2009 மேக்கு அப்புறம் பிஜில அது இல்ல. ஒரு தீர்ப்பு தப்பா போறது வேற, தீர்ப்பே சொல்ல முடியாதுன்னு கதவை சாத்தின அமைப்புக்கு தலைமை தாங்குறது வேற. கேட்ஸ் பக்கம் பேசுறவங்களுக்கும் ஒரு வாதம் இருக்கு, அதையும் தீசிஸ்ல போட்டேன். நல்லவன்லாம் ராஜினாமா பண்ணிட்டு கப்பல் ஏறிட்டா, ஜாமீன் மனுவும் ஜீவனாம்ச கேஸும் நிலத்தகராறும் யார் பாக்கிறது, கோர்ட்டை பூட்டுறதை விட திறந்து வெக்கிறது ஜனங்களுக்கு மேல்னு. 2007ல அப்பீல் கோர்ட்ல இருந்த வெளிநாட்டு நீதிபதிங்க சிலர் ராஜினாமா பண்ணிட்டு போனாங்க, அவங்களை யாரும் ஓடிப்போனவங்கன்னு சொல்லல, ஆனா அவங்க போனதால ஒரு கைதிக்கும் நன்மை இல்லன்னு இவங்க சொல்வாங்க. இதுல எந்த பக்கம் நிக்கிறதுன்னு கேட்டா, 2000 தீர்ப்பை எழுதினவருக்கு 2009ல அந்த நாற்காலில உக்கார நியாயம் கிடைக்கல, இதான் என் முடிவுரை. காரணமும் அவரோட சொந்த தீர்ப்புலயே இருக்கு, துப்பாக்கியால வந்த ஆணையை கோர்ட் சும்மா வாங்கிக்கக் கூடாதுன்னு சொன்னதே அவர்தானே. அவர் மேல வெச்ச அளவுகோல் வெளில இருந்து கொண்டு வந்தது இல்ல, அவரே செஞ்சு குடுத்தது.

இந்த கடைசி வரியை நான் பேச்சு வாக்குல சொன்னேன், ஆபரேட்டர் பொண்ணு கேக்காமலே அடிச்சு வெச்சிருந்துச்சு. புரூஃப்ல பாத்துட்டு அப்படியே விட்டுட்டேன்.

பைண்டிங் பத்தி சொல்லணும். பெரியவர் பஞ்ச் போட்டு கம் தடவி ஒட்டுற வேலை பண்றதில்ல. பேப்பரை கத்தை கத்தையா பிரிச்சு ஊசி நூல்ல தைக்கிறாரு, முதுகுல காடா துணி வெச்சு மைதா பசை தடவி மர பிரஸ்ல திருகி ராத்திரி பூரா விட்டுடுவாரு. மறுநாள்தான் அட்டை, ரெக்சின், தங்க எழுத்து. என் அட்டைக்கு எழுத்து அடுக்கிட்டு ஒரு தடவை வேஸ்ட் துண்டுல சூடு பண்ணி அடிச்சு காட்டி, ஸ்பெல்லிங் சரியா பாத்துக்கோ பாப்பா, தங்கம் ஒட்டினா அழிக்க முடியாதுன்னாரு. தீசிஸை 180 டிகிரி விரிச்சாலும் முதுகு விடல, அந்த படுத்த பக்க டேபிள் தையல் கிட்ட ஒரு எழுத்து கூட முழுங்கப்படல. லைப்ரரில என் சீனியரோட தீசிஸ் பேப்பர் பேப்பரா கழண்டு ரப்பர் பேண்டு போட்டு இருக்கு, சும்மா தகவலுக்கு சொல்றேன்.

இப்போ குறை. டைம். எப்போ முடியும்னு கேட்டா "ஆயிடும்மா" தவிர வேற பதில் வராது. கோர்ட் வேலை வந்தா நம்ம தீசிஸ் பின்னாடி போயிடும், நாளைக்கு ஹியரிங்னு ஒரு ஜூனியர் மூச்சு வாங்க ஓடி வந்தா எந்திரிச்சு இடம் விடணும், எனக்கு ஒரு சாயங்காலம் பூரா அப்படியே போச்சு, கடுப்புல கீழ போய் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) வாழத்தண்டு சூப்பும் சாப்ட்டு வந்தேன். ஏசி கிடையாது, ஃபேன் ஒண்ணு, அதுவும் பேப்பர் பறக்கும்னு ஒண்ணாம் நம்பர்லதான் சுத்தும். பாத்ரூம் பத்தி கேக்காதீங்க, பொண்ணுங்க மெட்ரோ ஸ்டேஷன்லயே போயிட்டு வந்துடுங்க. வண்டி நிறுத்த இடமே இல்ல, தெருவுல லோடு ஆட்டோ வரிசையா நிக்கும். பேசாம வேலையை மட்டும் முடிச்சு குடுங்கன்னு நினைக்கிற ஆளா இருந்தா இந்த கடை செட் ஆகாது, அண்ணன் கேள்வி கேப்பாரு, பதில் தெரியலன்னா வைவால என்ன பண்ணுவன்னு வேற கேப்பாரு. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரெண்டாவது கேள்வியிலயே பென் டிரைவை புடுங்கிட்டு இறங்கிட்டான்.

இன்னொண்ணு, வெளிநாட்டு தீர்ப்பு பிடிஎஃப் எடுத்துட்டு போறவங்க பிரிண்ட் அங்க போடாதீங்க, ஒரு பக்கத்துக்கு 3 ரூபா, கீழ ஜெராக்ஸ் கடையில பாதி ரேட்டுக்கு முன்னும் பின்னும் போட்டுத் தர்றாங்க. பென் டிரைவுல வைரஸ் இருந்தா பொண்ணு தொடவே தொடாது, மெயில் பண்ணிடுங்க. தமிழ்ல முன்னுரை, நன்றியுரை வெச்சிருக்கிறவங்க யூனிகோட்லயே குடுங்க, பழைய ஃபான்ட்டுல குடுத்தா மாத்துறதுக்கு தனி காசு.

5க்கு 4 குடுக்கிறேன், ஒண்ணு குறைச்சது டைமுக்கு. சப்மிஷனுக்கு மூணு வாரம் முன்னாடியே போயிடுங்க, ஏப்ரல் கடைசில போனா ஹைகோர்ட் சம்மர் லீவுக்கு முன்னாடி ஃபைலிங் கூட்டம் முட்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல கடை பூட்டிடும், ஞாயிறு லீவு. அட்வான்ஸ் பாதி, ஜிபே உண்டு, பில் கேட்டா கையால எழுதி குடுப்பாரு.